ராத்திரிக்கு இரண்டு வெள்ளரிக்காய்

குளித்துவிட்டு வந்து கைபேசியை எடுத்தபோதுதான் லுவோ வென்ஜிங் கவனித்தாள். கணவனுக்கு எழுதிய செய்தி, அவள் பாடம் எடுக்கும் நான்காம் வகுப்பின் பெற்றோர் குழுவுக்குப் போயிருந்தது.

“இன்னிக்கிலேர்ந்து ராத்திரி சோறு கிடையாது. வெள்ளரிக்காய் ரெண்டு, அவ்வளவுதான். தினமும் தட்டைப் படம் எடுத்து எட்டு மணிக்குள்ள அனுப்பணும். ஏமாத்தலாம்னு நெனச்சா நடக்கிறதே வேற.”

கணவன் தாபெங்குக்குச் சர்க்கரை வியாதி. சீனப் புத்தாண்டுக்கு அம்மாவைப் பார்க்கச் சாங்டே ஊருக்குப் போனவன் கொரோனா ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். மாமியாரோ மூன்று வேளையும் கொழுப்போடு பன்றிக்கறி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவலையில் விரல் தவறிவிட்டது. இரண்டு நிமிடத்துக்குள் என்றால் செய்தியைத் திரும்ப எடுத்திருக்கலாம். வென்ஜிங் குளித்தது இருபது நிமிடம்.

அதற்குள் நாற்பத்தாறு வீடுகளிலிருந்தும் பதில் வந்துவிட்டது. “கிடைத்தது. ஆசிரியரின் உழைப்புக்கு நன்றி.” பள்ளியை மூடிப் பாடத்தைக் கைபேசிக்கு மாற்றிய இந்த ஒரு மாதத்தில், டீச்சர் தும்மினாலும் இந்தப் பதில் வந்துவிடும். பதில் போட்ட பிறகுதான் பெற்றோர்கள் செய்தியையே படிப்பார்கள்.

தவறுதலாக வந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதி அனுப்பப் போனவள், முதல் பதிலைப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டாள். அது துணைத் தலைமையாசிரியர் ஃபாங் போட்டது. அவர் மகள் யாயா இதே வகுப்புதான். கூடவே “மிக நல்ல முயற்சி” என்று பாராட்டு வேறு. இப்போது தவறு என்று சொன்னால், துணைத் தலைமையாசிரியர் ஒரு தவறைப் பாராட்டினார் என்று ஆகிவிடும். வென்ஜிங் ஒப்பந்த ஆசிரியை. ஜூனில் ஒப்பந்தம் நீள வேண்டுமென்றால் ஃபாங் கையெழுத்துப் போட வேண்டும்.

அவரே அழைத்துவிட்டார்.

“லுவோ டீச்சர், இந்தத் திட்டத்துக்கு என்ன பேரு?”

“இலகு இரவு உணவுத் திட்டம் சார்,” என்று வாய் தானாக உளறியது. “பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே கெடக்குதுங்க, உடம்பு போடுது...”

“பிரமாதம். நாலு பக்கம் எழுதி சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க.”

எழுதினாள். மனசாட்சி உறுத்தியதால், வெள்ளரிக்காய் கிடைக்காதவர்கள் விட்டுவிடலாம் என்று குழுவில் ஒரு வரி போட்டுப் பார்த்தாள். பெற்றோர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு மணிக்கு முன்பே நாற்பத்தாறு படங்களும் வந்து விழுந்தன. திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள். மறுநாள், முட்டையும் சேர்க்கலாம் என்று எழுதினாள். அவ்வளவுதான், நான்காம் வகுப்புக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனிப்பு என்று மற்ற வகுப்புப் பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஃபாங் திட்டத்தைப் பள்ளி முழுவதற்கும் விரிவாக்கிவிட்டார். குடியிருப்புகளுக்கு மொத்தமாகக் காய்கறி வரவழைப்பவர்கள், வெள்ளரிக்காய் தீர்ந்துபோய் இரண்டு நாள் ஆகிறது என்றார்கள்.

வென்ஜிங்குக்குத் தூக்கம் போயிற்று. காலையில் பாடம் எடுக்கும்போது திரையில் தெரிந்த குட்டிக் கட்டங்களில் எல்லா முகமும் வாடித் தெரிந்தது. ஒரு குழந்தை கொட்டாவி விட்டால்கூட மயங்கி விழப்போகிறது என்று பாடத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். வேலை போகும் பயம் ஒரு பக்கம். தன்னால் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரும் பட்டினி கிடக்கிறார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில், வீட்டுப்பாடத்திலும் வெள்ளரிக்காயிலும் நூற்றுக்கு நூறு என்று ஃபாங் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். ஒரு வாரம் ஆனதும் கல்வி அலுவலகத்திலிருந்து ஷின் என்ற அதிகாரியம்மாள் வகுப்பைப் பார்க்கத் திரையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டத்தில் கோட்டும் டையுமாக ஃபாங்.

“திட்டத்தைப் பத்தி நீங்களே சொல்லுங்க டீச்சர்,” என்றார் அதிகாரி.

வென்ஜிங் வாயைத் திறந்தாள். தயார் செய்து வைத்திருந்த பேச்சு வரவில்லை, உண்மைதான் வந்தது.

“மேடம், அது திட்டமே இல்ல. என் வீட்டுக்காரருக்கு எழுதினது. கை தவறிக் குழுவுக்குப் போயிடுச்சு. பயத்துல வாயை மூடிட்டு இருந்துட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. பிள்ளைங்களுக்கு இன்னிக்காவது சோறு போடச் சொல்லுங்க.”

இந்த நொடியே இணையம் போய்விடக்கூடாதா என்று வென்ஜிங் ஒரு கணம் ஆசைப்பட்டாள். போகவில்லை. அதிகாரியம்மாளின் முகம் கறுத்துவிட்டது.

“இந்த வகுப்புல மட்டும் நாப்பத்தாறு பிள்ளைங்க, ஒரு வாரமா அரை வயித்தோட தூங்குதுங்க. இதுக்கு யாரு பொறுப்பு, ஃபாங் சார்?”

ஃபாங் டையைச் சரிசெய்துகொண்டார். “முழுக்க முழுக்க லுவோ டீச்சர்தான் மேடம். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

வென்ஜிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது கீழ்வரிசைக் கட்டம் ஒன்றில் கை உயர்ந்தது. ஃபாங்கின் மகள் யாயா தன் ஒலிவாங்கியைத் திறந்தாள்.

“நாங்க யாரும் பசியோட தூங்கலையே ஆன்ட்டி, முதல் நாளே அப்பா வெள்ளரிக்காயை விதவிதமா வச்சுப் படம் எடுத்து, டீச்சருக்குப் போடச் சொல்லி எல்லா வீட்டுக்கும் அனுப்பிட்டாரு, எப்பவும் கணக்கு விடை அனுப்புவாரே, அதே மாதிரி.”