நாலில் ஒன்றரை போனால்

வீட்டில் இனிமேல் தன் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று அப்துல் ஷுக்கூர் முடிவு செய்தது எண்பத்து நாலாம் வருஷம், ஒரு புதன்கிழமை. அன்றைக்குத்தான் துபாயிலிருந்து மகன் சம்சுதீனின் கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை, அங்கே மணி நாலு அடிக்கும்போது, பழவேற்காடு படகுத்துறை ஐஸ் கம்பெனி போனுக்குப் பேசுவானாம். கல்யாண விஷயம். வாப்பாவும் உம்மாவும் யாரைச் சொன்னாலும் சரியாம். நமக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், மறந்துவிட வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தான்.

யாரைச் சொன்னாலும் சரி என்பதில்தான் வம்பு. ஷுக்கூர் இறால் வியாபாரி. ஆரம்பாக்கத்தில் லாரி வைத்திருக்கும் அப்துல் ஹையின் மகளை மனதுக்குள் மருமகளாக்கி, அந்த லாரியில் இறாலையும் ஏற்றிவிட்டார். அவர் மனைவி பரக்கத் பீவிக்கோ அடுத்த வீட்டு ஜைனம்புவின் மகள் உம்மு ஹானி. ஓலைப்பெட்டி முடைகிற பெண். பேச்சு மெதுவாக, கை வேகமாக.

ஒரு போன். இரண்டு பெண். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் மருமகள்தான் வீட்டுக்கு வருவாள். ஷுக்கூர் திட்டம் போட்டார்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். பின்னால் என்றால் கழிக்க வேண்டும். நாலில் ஒன்றரை போனால் இரண்டரை. தான் இரண்டரைக்குப் போய்க் காதும் காதும் வைத்த மாதிரி பேசி முடித்துவிட வேண்டியது. மனைவியிடம் ஆறு மணி என்று சொல்லிவிட வேண்டியது. எல்லாம் முடிந்தபிறகு அவள் போய் ஐஸைப் பார்த்துவிட்டு வரட்டும்.

தேதிக் காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளின் மேல் ஆறு என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பரக்கத் பீவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, சூரியன் நம்ம கடல்ல மொதல்ல உதிக்குமா, அங்க மொதல்ல உதிக்குமா?"

"சோத்துக்கு உலை வெய்யி. பூகோளம்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க," என்று அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, அத்தர் பூசிக்கொண்டு இரண்டரைக்கெல்லாம் ஷுக்கூர் ஐஸ் கம்பெனியில் ஆஜர். கணக்குப்பிள்ளை சகாதேவன் நாற்காலி போட்டுக் கொடுத்தார். போன் அடிக்கவில்லை. மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தால் யாரோ சுண்ணாம்புக்குளத்துக்கு எத்தனை பார் ஐஸ் வேண்டும் என்று சொன்னார்கள். நாலரை மணிக்கு அவருடைய கால் விரல்களே இறால் மாதிரி விறைத்துப்போயின. லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சகாதேவன் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பரக்கத் பீவி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவே இல்லை. அஸர் தொழுதுவிட்டு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் இப்பவே கெளம்பறேங்க. கொஞ்சம் முன்னாடி போய் குந்திக்கிறேன். நீங்களும் வர்றீங்களா?"

போன் வராது என்பது அவருக்குத்தானே தெரியும்? தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தார். போர்வைக்குள் சிரிப்பு வந்தது.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது அவள் திரும்பி வந்தாள். தொழுது, நெடுநேரம் துஆ கேட்டு, பாயைச் சுருட்டி வைத்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"புள்ள பேசினானுங்க. அஞ்சரைக்கு."

ஷுக்கூர் எழுந்து உட்கார்ந்தார். போர்வை கீழே விழுந்தது. "அஞ்சரையா?"

"நாலோட ஒன்றரை சேர்த்தா அஞ்சரைதானே. நான் மஃரிபு தொழ நிக்கிறப்ப அவன் அங்க அஸர் முடிச்சி டீ குடிப்பான். மூணு வருசமா எந்த வக்துத் தொழுகையிலயும் அவன் இப்ப இன்னா பண்றானோன்னு நெனைக்காம நான் ஸலாம் குடுத்தது இல்ல. நீங்க ஆறுன்னு எழுதினீங்க. பரவால்ல, கிட்டதான் வந்தீங்க."

கணக்குப் போட்டது மூன்று மணி நேரம் தப்பு. பொய் சொன்னது அரை மணிதான் தப்பு. ஷுக்கூர் கீழே கிடந்த போர்வையை எடுத்து மடித்தார்.

"பொண்ணு... இன்னா சொன்னே?"

"உம்மு ஹானின்னேன். அவனுக்கும் அதான் மனசாம். ஆனா வாப்பா வாயால கேக்கணும்னு புடிவாதமா நின்னான். நான் இன்னாத்த சொல்றதுன்னு முழிச்சேன். சகாதேவன் போனை வாங்கினாரு. 'தம்பி, உங்க அப்பாரு ரெண்டரைக்கே வந்து ரெண்டு மணி நேரம் ஐஸ்ல வெறைச்சி குந்தினு இருந்தாரு'ன்னாரு. அவ்ளோதான், புள்ள அழுதுட்டான். வாப்பாவுக்கு இவ்ளோ ஆசையான்னு கேட்டான்."

"நீ இன்னா சொன்னே?"

"நான் பொய் சொல்ல மாட்டேங்க. ஆமாப்பா, ரொம்ப ஆசைன்னேன். வர்ற வழியிலயே ஜைனம்பு காதுல போட்டுட்டேன். சந்தோஷத்துக்குச் சர்க்கரைத் தண்ணி கலக்கிக்கினு இருக்கா, இப்ப வருவா."

அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் தான் விறைத்து உட்கார்ந்திருந்தது உம்மு ஹானிக்காகத்தான் என்பது அப்துல் ஷுக்கூருக்கு அப்போதுதான் தெரியவந்தது.