இரண்டரை மணி நேர அசீரிய ராஜா

சங்கரன்கோவிலை ஓர் அசீரிய ராஜா ஆண்டிருக்கிறார். சரித்திரப் புத்தகங்களில் இது கிடையாது. எழுதியவர்கள் யாரும் எங்கள் சேலைக் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆட்சி நடந்தது மொத்தம் இரண்டரை மணி நேரம். கவலையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

அவர் எங்கள் கணக்கப்பிள்ளை. எல்லோருக்கும் பாபிலோன். நூலகத்தில் இருந்த மெசபடோமியப் புத்தகத்தை அவரைத் தவிர யாரும் எடுத்ததில்லை. அவர் திருப்பிக் கொடுத்ததுமில்லை. டம்ளரில் டீ குறைந்தால், மது அளந்ததில் ஏமாற்றியவளை ஆற்றில் போடச் சொன்ன ஹமுராபி சட்டத்தை டீக்கடைக்காரரிடம் எடுத்துச் சொல்வார். "நம்ம ஊர்ல ஆறு இல்லாததால நீரு பிழைச்சீரு வே" என்று முடிப்பார்.

எண்பதாம் வருஷம், மாசியில் பிடித்த சூரிய கிரகணத்துக்கு முந்தின வாரம், தறி ஓட்டும் சுடலையை முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். தறி ஏன் நின்றது என்று கேட்டதற்கு, "கரண்டை நானா பிடுங்கினேன்?" என்று அவன் திருப்பிக் கேட்டதுதான் குற்றம். தினமும் வாசலில் வந்து நின்றான். பாபிலோன் அவனுக்காகப் பேசிப் பார்த்தார். அவனைப் பாபிலோனில் போய்த் தறி ஓட்டச் சொல்லும்படி பதில் வந்தது.

அந்த முதலாளிக்கு அவிட்ட நட்சத்திரம். கிரகணம் அவர் உயிருக்கே ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பரிகாரமாக நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டியும் மனிதருக்குப் பயம் போகவில்லை. பாபிலோன் வேறொரு பரிகாரம் சொன்னார். அசீரியாவில் கிரகணம் வந்தால் ராஜாவை இறக்கிவிட்டு வேறொருவனைச் சிம்மாசனத்தில் ஏற்றுவார்களாம். தேடி வரும் கெடுதல் அவனோடு போய்விடுமாம். நிஜ ராஜாவுக்கு அதுவரை சம்சாரி என்று பெயர். விவசாயிக்கு எங்கள் பக்கத்து வார்த்தை அது.

"அவன் சொல்லுததுதான் சட்டம் முதலாளி. நடுவுல நீங்க வாயைத் தொறந்தா கிரகத்துக்கு ஆள் தெரிஞ்சிரும்."

மாலை வாங்க முதலாளியே ஆளனுப்பினார்.

கிரகணத்தன்று மத்தியானம் வெயில் மங்கத் தொடங்கியது. முதலாளியின் தேக்கு நாற்காலியில் பாபிலோன், கழுத்தில் மாலையுடன். நூல் மூட்டைமேல் முதலாளி, தலையில் துண்டுடன். முதல் ஆணைப்படி, என்றும் முதலாளியையே பார்த்திருந்த மேஜை விசிறி எங்கள் பக்கம் திரும்பியது. இரண்டாவது ஆணைக்குச் சுடலை உள்ளே வந்தான்.

"நாளையிலேருந்து இவன் தறிக்கு வருவான். சம்சாரி, ஒமக்கு எதும் ஆட்சேபணை உண்டுமா?"

முதலாளியின் வாய் பாதி திறந்தது. அந்த நேரம் பார்த்து அறை இன்னும் கொஞ்சம் இருண்டது. வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை, உயிரோடிருந்த முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வே பாபிலோன், கிரகணம் விட்ட பிறகு அந்த ஆளை என்ன செய்வானுவ?"

ஒரு பொய் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று நினைத்தேன். சரித்திரத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

"கொன்னுருவாங்க முதலாளி. ஆனா அவன் போட்ட உத்தரவு நிக்கணும்." கடைசி வரி புத்தகத்தில் உண்டா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய தூக்குச்சட்டியும் நூலகப் புத்தகமும் பையில் தயாராக இருந்தன.

"தெரிஞ்சேதான் உக்காந்தீரா?" என்றார் முதலாளி.

"சுடலைக்கு நாலு பிள்ளையள்லா. எனக்கு ஒத்தை வயிறு."

முதலாளி தறிச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். சுடலையின் தறியும் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"பையைக் கீழ வையும். ஒமக்குப் பதிலா அந்த நாற்காலி போகட்டும்" என்றார்.

நாற்காலி குடோனுக்குப் போனது. கம்பெனியை மூடியபோது அதை நான் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கால் ஆடும். தினமும் அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். கிரகணத்தன்று மட்டும் துடைத்துக் காலியாக விட்டுவிடுவேன். அது அவர் இடம்.