மாமாவை இறக்கிவிட முடியாமற்போன கப்பல்

மதிப்பிற்குரிய அமாலியா அத்தைக்கு,

கப்பலிலிருந்து மருமகன் எசாயாஸ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் பார்ணக்கும் நலம். மாமாவும் நலம், கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, நாய்களுக்குப் போதுமான மீன் கிடைக்கிறதா என்று அறிய ஆவல்.

காலமான மாமாவின் நூக்கா என்ற பெயரை எங்கள் பெண்ணுக்கு வைத்ததும், இனி இவள்தான் உங்கள் மாமா என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். அன்றிலிருந்து நம் வழக்கப்படி அவளை மாமா என்றே கூப்பிட்டு, மரியாதையாகத்தான் துணி மாற்றி வருகிறேன். உங்கள் எழுபதாவது பிறந்தநாள் காபி விருந்தன்று மாமாவைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்தது உண்மை. அதற்காகவே இந்த உல்லாசக் கப்பலில் கரடிக் காவலாளாகச் சேர்ந்ததும் உண்மை. பயணிகள் கரையில் இறங்கும்போது துப்பாக்கியோடு முன்னால் நிற்பதுதான் வேலை. கப்டன் ஹால்வோர் நார்வேக்காரர், முசுடு. ஆனால் உங்கள் பிறந்தநாள் என்றதும் பார்ணக்கையும் மாமாவையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பிறகு வடகிழக்குக் காற்று பிடித்தது. நாங்கள் உங்கள் விரிகுடா வாசலுக்கு வந்தபோது, வடக்கேயிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பனியைப் பார்க்கத்தான் பயணிகள் இத்தனை தூரம் வந்தது. பனி வந்ததும், இவ்வளவா வரவேண்டும் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்கள், ஏதோ நான்தான் தள்ளிக்கொண்டு வந்ததுபோல. லிஸ்பெத் என்ற டேனிஷ் பல் வைத்தியர் அம்மாள், உங்கள் விருந்தில் திமிங்கிலத் தோல் சாப்பிடலாம் என்று நான் ஆசை காட்டியதால் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மூடுபனி கொஞ்சம் விலகியதும் தூரக்கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் சிவப்பு வீடு, கொடி, வாசலில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீங்கள். பக்கத்தில் நாற்காலி இருந்தும் நீங்கள் உட்காரவில்லை அத்தை.

மைத்துனர் காரலி எங்களைக் கூட்டிப்போகப் படகைப் பனிமேல் இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்ததை நான் பார்த்தேன். காலடியில் பாளம் பிளந்து இடுப்புவரை நனைந்து அவர் திரும்பியதையும் பார்த்தேன். சளி பிடித்திருந்தால் அதற்கும் நானே பொறுப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. மாமாவை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு ஏணிப்பக்கம் போய்விட்டேன். கப்டன் வந்து குறுக்கே நின்றார்.

"உன் துப்பாக்கியப் பாத்துக் கரடி பயப்படும், பனி பயப்படாது. போறதுன்னா நீ போ. பிள்ளையக் குடுத்துட்டுப் போ."

பார்ணக் என் முதுகிலிருந்து மாமாவை அவிழ்த்துக்கொண்டாள். அப்புறம் நான் எங்கே போவது?

அதன்பிறகுதான் உங்களை ரேடியோவில் கூப்பிட்டேன். ஊரே அதில் காது வைத்திருக்கும் என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "பனிகிட்டக் கோவிச்சு என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை? அவர ஒருவாட்டி வாயத் திறக்கச் சொல்லுங்க. குரல மட்டும் கேட்டுக்கிறேன்" என்றீர்கள். உங்கள் ஊர்க் கடைத் தொலைபேசி செத்துக் கிடப்பதால் அதுவரை நீங்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ரேடியோவை மாமாவின் வாயருகே பிடித்தேன். சத்தமே இல்லை. கப்பல் சங்கு ஊதியது. அதன்பிறகுதான் அந்த அழுகை.

"அவரேதான்" என்றீர்கள். "காபி ஆறிப்போனா இப்படித்தான் கத்துவாரு."

அப்புறம் உங்கள் குரல் வரவில்லை. கடைக்காரர்தான் பேசினார்: "எசாயாஸ், அத்தை உக்காந்துட்டாங்க. கேக்கை நாங்க பாத்துக்கறோம். காத்து ஏறுது, கெளம்புங்க."

கிளம்பினோம். தெற்கே போகப்போகப் புயல். தட்டுகள் உடைந்தன, லிஸ்பெத் அம்மாள் வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தார், கரடிக் காவலாள் கழிவறைத் தரையில் கிடந்தான், மாமா மட்டும் தொட்டிலில் கையை ஆட்டிச் சிரித்தார். உங்கள் வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிந்தும் ஏறமுடியாமல் வந்த மருமகனை மன்னியுங்கள். அடுத்த துறைமுகத்தில் இதைத் தபாலில் சேர்ப்பேன். மூடுபனி விட்டு ஹெலிகாப்டர் கிளம்பினால் உங்களுக்குக் கிடைக்கும்.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குத் தெம்பும் காரலிக்குக் காய்ந்த காலணியும் தருவாராக. அன்று ரேடியோவில் காது வைத்திருந்த அத்தனை பேருக்கும் என் அன்பு.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
எசாயாஸ்

பி.கு: பார்ணக் படித்துவிட்டு, அம்மாவிடம் பொய்யா என்று எதிரிலேயே நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். சங்கு ஊதியும் மாமா விழிக்கவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் காத்திருப்பது தாங்காமல் அழுதது நான்தான். குழந்தைபோலப் பொய்யாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நிஜமாகிவிட்டது. ஊருக்குச் சொல்லவேண்டாம். மாமாவின் குரலை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை அத்தை. அதற்காகவாவது பனி விடும்வரை இருங்கள்.