நாலு நிமிஷக் கூட்டம்

கேமரா லென்சின் முன்னால் திருகியிருந்த கறுப்புக் கண்ணாடி கழலவில்லை. சத்தியசீலன் துண்டைச் சுற்றித் திருகினான், பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த அறுபது பேரும், கடையைத் திறக்காத கடைக்காரனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள்.

"என்னா தம்பி, இன்னும் மூடியத் தொறக்கலையா?" என்றார் கோயில் தலைவர் மணியம்.

"மூடி இல்லண்ணே, வெளிச்சத்தக் குறைக்கிற கண்ணாடி. நேத்து அருவி எடுக்க மாட்டுனேன். இறுகிப்போச்சு."

கோயிலின் கதியே அன்று எடுக்கப்போகும் படத்தில்தான் இருந்தது. 'கும்பிட யாரும் வருவதில்லை. கோயிலைப் பகாவ் பட்டணத்துக்கு மாற்றிவிடலாம்' என்று தோட்ட மேனேஜர் திருநாவுக்கரசு கம்பெனிக்கு எழுதிவிட்டார். கைப்பேசியில் கூட்டத்தைக் காட்டினால், "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே செய்யலாம்லா" என்று சிரித்தார். அதனால்தான் பிலிம் கேமரா. அந்தச் சுருளிலும் மிச்சம் ஒரே படம்.

"கண்ணாடியோடயே எடுக்கலாம். ஆனா நாலு நிமிஷம் ஆகும். ஆடாம நிக்கிறவங்கதான் படத்துல விழுவாங்க. நடமாடுனா காணாமப் போயிடுவாங்க" என்றான் சத்தியசீலன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர், வாசல் தூணுக்குப் பின்னால் பூக்கட்டிக்கொண்டிருந்த மயிலம்மாள் பக்கமாக, தூணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் லாரியில ஏத்திட்டு வந்த கூட்டம்" என்றார், பொதுவாக.

சத்தியசீலன் பொத்தானை அழுத்தினான்.

மணியம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "யாரும் ஆடாதீங்க!"

"என்னா சொல்றாரு?" என்று கேட்கப் பின்வரிசை முன்னால் வந்தது. விளக்கிச் சொல்ல முன்வரிசை திரும்பியது.

"அண்ணே, ஒரு நிமிஷம் போச்சு!"

"பொங்கலக் கொடுங்கப்பா, உக்காந்துருவாங்க!"

அண்டாவைத் திறந்ததும் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து ஓடினார்கள்.

"ரெண்டு நிமிஷம்ணே!"

"பூசாரி, கற்பூரத்தக் காட்டுங்க! கும்புட்டபடி நிப்பாங்க!"

கற்பூரம் எரிந்தது. மேளம் முழங்கியது. அறுபது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றக் கிளம்பினார்கள். மணியமே முன்னால் போனார்.

சத்தியசீலன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிரம்பான் பட்டணத்தில் கழுவி வந்த படத்தை மணியம் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கோபுரம் துல்லியம். சுதை மயிலின் இறகுகளைக்கூட எண்ணலாம். வாசலில் ஓர் ஈ, காக்கை இல்லை. ஒரே ஒருவர் மட்டும் கண்களை மூடி, கைகளை மார்போடு குவித்துச் சிலையாக நின்றார். மேனேஜர் திருநாவுக்கரசு.

படத்தை மேனேஜரின் மேசையில் வைத்தார்கள். அவர் அதைக் கையில் எடுத்தார்.

"இத... கம்பெனிக்கு அனுப்பிட்டீங்களா?"

"இனிமேதான் சார். யாரும் கும்பிடுறதில்லன்னு எழுதுனது நீங்கதானே?" என்றார் மணியம்.

கடிதத்தை அன்று மாலையே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மணியத்துக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. சத்தியசீலனையும் இழுத்துக்கொண்டு நேராக மயிலம்மாளிடம் போனார்.

"நல்ல ரோசா மாலையா ஒண்ணு கட்டும்மா. மேனேஜருக்குப் போடணும். வாய்தான் அப்படி, அத்தனை சத்தத்துலயும் நாலு நிமிஷம் அசையாம நின்னாரே, எப்பேர்ப்பட்ட பக்தி!"

மயிலம்மாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பக்தியா? தம்பிதான் ஆடாம நின்னா படத்துல விழும்னு சொல்லிச்சே. அதான், 'காலுக்குப் பின்னால நாகம் படம் எடுத்து நிக்குது, கும்புட்டுக்கிட்டு அப்படியே நில்லுங்க சார்'னு சொல்லி வெச்சேன்."