நைட்டி மறைத்த பால்கனி

மஞ்சள் நைட்டி ஒன்றுதான் குறுக்கே தொங்கியது. அது மட்டும் இல்லாவிட்டால் அந்தத் தேக்குமரப் பால்கனி முழுசாக பஷீரின் கேமராவுக்குள் வந்திருக்கும்.

பஷீர் பாளையங்கோட்டையில் சரித்திர வாத்தியார். லீவு விட்டால் போதும், பழைய கட்டடங்களைப் படம் எடுக்க ஏதாவது ஓர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார். ராயபுரத்துச் சந்து ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்து மாடிவீடு ஒன்று இன்னும் இடிபடாமல் நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கால் நகரவில்லை.

"அம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா? வீட்டைப் படம் எடுக்கணும்."

மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் பவானி எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு? நீ எந்த ஆபீசு?"

"ஆபீஸெல்லாம் இல்லம்மா. கட்டடம் ரொம்பப் பழசா இருக்கே, அதான்."

சொன்னதுதான் தாமதம். "தாமோதரண்ணே! வெளிய வா! கட்டடம் பழசுன்னு போட்டோ புடிக்கிறாங்கோ! இடிக்கப் போறாங்கோ!"

கீழ்வீட்டுத் தாமோதரன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். பஷீரை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சாந்தமான முகம்.

"நீயே கேளு நைனா!" என்று பவானி அவரைப் பார்த்துக் கத்தினாள்.

அப்பாடா, விவரம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்று பஷீருக்கு உயிர் வந்தது. "ஐயா, நீங்களாவது சொல்லுங்க. இதை இடிக்கவே கூடாது. அரசாங்கமே எடுத்துப் பாதுகாக்கணும்."

அவர் மேலே பார்த்து நிதானமாகச் சொன்னார். "கவர்மெண்டு எடுத்துக்கணும்னு சொல்றாரும்மா."

"ஐயோ, அப்படியில்ல! ஆவணப்படுத்தத்தான் வந்தேன்!"

"ஆவணமாம். பத்திரம் வரைக்கும் பூட்டாங்கோ."

பஷீர் யோசித்துப் பார்த்தார். தான் பேசுவதும் தமிழ்தான், அவர் பேசுவதும் தமிழ்தான். நடுவில் எங்கே வழி தவறுகிறது என்றுதான் புரியவில்லை.

"சார், எங்க பசங்களுக்குக் காட்டத்தான் எடுக்கிறேன்! ஸ்கூல் பசங்க!"

"இவரு சும்மா பாக்க வந்தவராம். பசங்க பின்னாடி வராங்களாம்."

"ஜேசிபியோடயா?" பவானியின் குரல் உடைந்தது.

"படமே வேணாம்! எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடுறேன்!"

அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அழிச்சிடுவேன்றாரு. எல்லாத்தையும். இப்பவே."

பவானி புருஷனுக்குப் போன் போட்டாள். "யோவ், ஒடனே வூட்டுக்கு வா. மணலி ஏரியாவுல நம்ம சொந்த வூடு பூட்டித்தானே கெடக்குது, அங்க பூடலாம். இங்க சொவுரு தலைல வுழுந்தா யாரு பாக்கறது?"

அரை மணி நேரத்தில் குட்டியானை வண்டி வந்தது. பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாம் படியிறங்கின. "நான் சொல்றதைக் கேளுங்கம்மா" என்று பஷீர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கேட்டவரைக்கும் போதும்பா" என்று பவானி ஏறி உட்கார்ந்தாள். கடைசியாக அந்த மஞ்சள் நைட்டியும் ஏறியது.

தாமோதரன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இன்னாமோ கதை வுடறாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது பால்கனி துல்லியமாகத் தெரிந்தது. பஷீருக்குத்தான் கேமராவைத் தூக்கக் கை வரவில்லை. ஊர் பார்க்க வந்த இடத்தில் ஒரு குடும்பத்தையே கிளப்பிவிட்டோமே என்று நொந்துகொண்டார். சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார்.

ஸ்கூட்டர்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், அதுக்குள்ள கிளம்பிட்ட? கீழ்வூட்டுக்காரன் இன்னும் நம்பலியே! அவன் ஜன்னலாண்ட போயி ரெண்டு போட்டோ புடி... பயப்படாத சார், வூடு என்னுதுதான்!"