இரும்பு அலங்காரப் பொருள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் உன் அத்தானும்தான். அவருடைய இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அங்கே உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் "சரி, வச்சிடறேன்" என்று விடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நீ கடைசி வரை கேட்டே ஆக வேண்டும்.

நீ கேட்ட காந்தம் எட்டு மாதமாகியும் ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம். அம்மா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, வீடெல்லாம் அம்மா தைக்க வாங்கிய துணிமூட்டையும் தையல் மிஷினுமாகக் கிடக்கிறது, யார் வீட்டுப் பாவாடை எது என்று தெரியாமல் அளவு பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் நீ போன் செய்து, "அக்கா, எனக்கு எதுவும் வேணாம். அம்மா ஊசி பொறுக்குற அந்தக் காந்தத்தை மட்டும் அனுப்பிடு" என்றாய். நான் "சரி" என்றேன். வைத்துவிட்டேன். வைத்த பிறகு உன் அத்தானிடம் ஒரு மணி நேரம் கத்தினேன். வரத்தான் முடியவில்லை, அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை, லாடம் மாதிரி இருக்கிற அந்தச் சிவப்புச் சாயம் போன காந்தம் மட்டும் துரைக்கு வேண்டுமாம் என்றேன். அவர், "ஏன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. கோபமாக இருக்கும்போது கேள்வியெல்லாம் எனக்கு வராது, தெரியுமல்லவா?

கோபம் ஆறு மாதம் இருந்தது. அதன் பிறகு காந்தத்தை எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் உறைத்தது, இதை அனுப்ப முடியாது. முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸ் பார்சல் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். வெளிநாட்டுக்கு எது போகும், எது போகாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாசனைத் திரவியம் போகாது, தீப்பற்றும். பேட்டரி தனியாகப் போகாது. காந்தம் போகாது, விமானத்தின் திசைகாட்டியைக் குழப்பும். ஆபீசில் எனக்கு 'முடியாதம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் என்ன செய்தேன் தெரியுமா? காந்தத்தைக் குளியல் துண்டில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லாத கிளையாகப் பார்த்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பிஸ்கட் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பேன்! பொருளின் விவரம் என்ற இடத்தில் 'இரும்பு அலங்காரப் பொருள்' என்று எழுதினேன். கவுன்ட்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். "உடையுமாம்மா?" என்றாள். "உடையாது" என்றேன், அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் சொன்ன உண்மை. எடை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். தராசுத் தட்டும் கூடவே எழுந்து வந்தது. "பெட்டி அடியில பசை ஏதாவது ஒட்டியிருக்கும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள், தட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பிய்த்து எடுத்து உள்ளே தள்ளினாள்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "உங்க பார்சல் அலமாரியை விட்டு வர மாட்டேங்குது. நேர்ல வாங்க" என்றார்கள். உன் அத்தானிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சோதனை அறை என்பது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. திருப்பிவிட்ட பார்சல்கள் ஒரு பக்கம், திருப்பிவிட்ட மனிதர்கள் ஒரு பெஞ்சில். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யார் என்று நினைக்கிறாய்? என் பக்கத்து இருக்கையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாலாம் கவுன்ட்டர்காரர். அவருக்குத்தான் என்னைவிட வெட்கம். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசினார். பெட்டியின் மேல் ஒரு ஸ்டேப்ளர், இரண்டு சாவி, ஒரு கத்தரிக்கோல் எல்லாம் பலாப்பழத்தில் ஈ மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"இந்தக் கத்தரிக்கோலை ரெண்டு நாளா தேடிட்டிருந்தோம் மேடம்" என்றார்.

"மன்னிச்சுக்குங்க."

"நீங்க போய் இப்படி…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஒரு தாளை நீட்டினார். அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். 'பொய் விவரம் அளித்ததற்கான காரணம்' என்று போட்டு, கீழே மூன்று கோடு இருக்கும். அந்த மூன்று கோட்டில் ஆயிரம் பேரையாவது எழுத வைத்திருப்பேன். எழுதியதை ஒருநாளும் படித்ததில்லை. கடைசியில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வெல்டர். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட புள்ளிகள், மடியில் திரும்பி வந்த ஒரு பார்சல். என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க பழைய ஆபீஸ்ல மூணாம் கவுன்ட்டர்தானே?" என்றார்.

"ஆமா. ரிட்டயர் ஆயிட்டேன்."

"நீங்களே இங்க உக்காந்திருக்கீங்க?"

"காந்தம்" என்றேன்.

"காந்தமா? அதுவும் ஆகாதா?"

"ஆகாது" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, அவர் சிரித்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கொண்டுவந்த பார்சலைப் பிரித்து, ஷேவிங் நுரை டப்பாவையும் பிளேடு பாக்கெட்டையும் எடுத்து வெளியே வைத்தேனாம். எனக்கு நினைவில்லை. "டப்பா வெடிச்சிடும், அதான்" என்றேன். "அதையேதான் அன்னிக்கும் சொன்னீங்க, இதே குரல்ல" என்றார். மகனைப் பதினேழு வயதில் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியிருக்கிறார். போகும்போது பூனைமீசை. இரண்டு மாதம் கழித்து வந்த போட்டோவில் மீசை முற்றிக் கன்னமெல்லாம் ரோமம். "கண்ணாடி முன்னாடி பக்கத்துல நிறுத்திவச்சு, எப்படிப் பிடிக்கணும், எந்தப் பக்கம் இழுக்கணும்னு சொல்லித் தரணும்னு நினைச்சிருந்தேன். அதான் முடியல, சாமானாவது அனுப்பலாம்னு வந்தேன். நீங்க பிரஷ்ஷை மட்டும் விட்டீங்க."

"பிரஷ்ஷை வச்சு என்ன பண்ணினான்?"

"ஏம்ப்பா பெயின்ட் பிரஷ் அனுப்பியிருக்கீங்கன்னு கேட்டான். தாடி விட்டுட்டான். நல்லாத்தான் இருக்கு தாடி. போட்டோல பாத்தேன்."

"யாருக்குன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன், பழியை அவர் மேலேயே போடுகிற மாதிரி. அதற்கு அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆனா பின்னாடி பதினஞ்சு பேர் நின்னாங்க, நீங்க எப்படிக் கேப்பீங்க, பாவம்" என்று எனக்காகவே வாதாடினார்.

டப்பாவை அனுமதித்திருக்க முடியாது, தம்பி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அது ஆகாயத்தில் வெடித்தால் யார் பதில் சொல்வது? ஆனால் ஆகாது என்று சொல்வதற்கு முன்னால் "யாருக்கு?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு முத்திரை குத்துகிற நேரம். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேர் எதை எதையெல்லாம் எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பொருளின் பெயர் தெரியும், எடை தெரியும், அவ்வளவுதான்.

வெல்டர் பேனா கொடுத்தார். முதல் கோட்டில் 'என் தம்பி கேட்டான்' என்று எழுதினேன். மற்ற இரண்டு கோட்டுக்கும் என்னிடம் எதுவும் இல்லை. நாலாம் கவுன்ட்டர்காரர் படித்துவிட்டு, "இது போதாது மேடம். எதுக்குக் கேட்டாரு?" என்றார். "எனக்கும் தெரியாது" என்றேன். அவர், "சரி, நானே 'குடும்ப விஷயம்'னு போட்டுக்கறேன்" என்று எழுதி, கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு பார்சலை என்னிடம் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது பெட்டி கம்பியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. கண்டக்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். "உள்ள என்னம்மா?" என்றார். "எங்கம்மாவோட காந்தம்" என்றேன். ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி.

அதனால் இப்போது முறையாகக் கேட்கிறேன், எட்டு மாதம் தாமதமாக. எதற்குடா உனக்கு அந்தக் காந்தம்? சாயங்காலம் அம்மா அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே அறையைச் சுற்றிவருவாளே, நீ பின்னாலேயே தவழ்ந்துகொண்டு எத்தனை ஊசி என்று எண்ணுவாயே, அதற்கா? அல்லது உன் வீட்டில் யாராவது தைக்கிறார்களா? அல்லது எதற்கென்று உனக்கே தெரியாதா? தெரியாது என்றாலும் பரவாயில்லை, அதையே எழுது. அம்மா போன அன்றைக்கு நீ வர முடியாமல் அங்கேயே எப்படி அந்த நாளைக் கழித்தாய் என்றும் நான் கேட்கவில்லை. அதையும் எழுது. எனக்குப் பின்னால் இப்போது வரிசை எதுவும் நிற்கவில்லை.

காந்தத்தை அனுப்ப வழியில்லை. சட்டம் சட்டம்தான். பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நீயே நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ. லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், வற்புறுத்தவில்லை. ஆனால் வராதவனுக்குக் காந்தம் கிடையாது, அதில் மாற்றமே இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசீர்வாதம். நூறு வயது வேண்டாம், இருக்கிற வயதில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் போதும். உனக்கும் அதே ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அத்தான் படித்துப் பார்த்தார். படித்துவிட்டு, "காந்தம் பீரோவுல இல்லியே" என்றார். நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நம் தெருமுனைத் தபாலாபீசுக்கே போயிருக்கிறார். "இது காந்தம். என் மச்சானுக்கு அனுப்பணும். என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருக்கிறார். விமானத்தில்தான் போகாது, கப்பலில் போகும், இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள் என்றார்களாம். கட்டிக்கொண்டு போனாராம், வாங்கிக்கொண்டார்களாம். நம் ஊரில் கப்பல் தபால் வாங்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம், என் காலத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான். "எப்படித் தோணிச்சு?" என்றேன். "கேட்டேன், சொன்னாங்க" என்கிறார். மூன்று மாதத்தில் உன் கைக்கு வந்துவிடும். ஆகையால் மேலே நான் போட்ட நிபந்தனையெல்லாம் செல்லாது. உன்னை வரவழைக்க இப்போது என்னிடம் ஒரு சாக்கும் இல்லை. சாக்கு இல்லாமலே வா.