போர்வையும் ஈரச்சட்டையும்

"போர்வை, தூக்கு! ஈரச்சட்டை, நிறுத்து!"

சக்கரம் மாட்டுவதற்காகப் பேருந்தை, தலைமை மெக்கானிக் குரல் கொடுக்க, பக்கத்துக்கு நாலு பேராக ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல, கொஞ்சமும் கோணாமல் எழும்பியது வண்டி. பார்ப்பவன் கை தானாகத் தட்டும்.

புது மேற்பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா பேச்சு இது? மலைக்காரன்னா போர்வையா? கடற்கரைக்காரன்னா ஈரச்சட்டையா? ஊரை வச்சுப் பட்டம் கட்டுறது அநாகரிகம்!"

இந்தப் பணிமனையில் பட்டப்பெயரை ஒழித்துவிட்டதாக அவர் மேலிடத்தில் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார். மதியம் இயக்குநர் நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால்தான் வேலை நிரந்தரம்.

"அப்ப எப்படிங்க கூப்பிடுறது?" என்றார் தலைமை மெக்கானிக்.

"மலைப்பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய சகோதரர்களேன்னு கூப்பிடுங்க."

மெக்கானிக் தங்கமான மனிதர். கூப்பிட்டும் பார்த்தார். "மலைப்பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய சகோதரர்களே" என்று தம் பிடித்து முடித்து, "நிறுத்துங்க" என்பதற்குள் வண்டி ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தது.

"சொந்தப் பேரைச் சொல்லுங்க!" என்று பதறினார் மேற்பார்வையாளர்.

சொன்னார். அந்தப் பேரில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. ஒரே பேருக்கு இருவரும் ஜாக்கியை இறக்கினார்கள். நடுவில் கிடந்த கருவிப்பெட்டி அப்பளமானது.

"பேச்சே வேணாம், விசில்! மலைக்கு ஒண்ணு, கரைக்கு ரெண்டு!"

கரைக்காரர்களுக்காக அவரே இரண்டு விசில் அடித்தார். வாசலில் நின்ற பேருந்தின் ஓட்டுநர், நடத்துநர்தான் அடிக்கிறார் என்று நம்பி, ஒரு பயணிகூட ஏறாமல், உற்சாகமாகக் கிளம்பிப் போய்விட்டார். பின்னாலேயே நடத்துநர் ஓடினார்.

இயக்குநர் உள்ளே நுழைந்தபோது வண்டி கோணியிருந்தது. கருவிப்பெட்டி தட்டையாகியிருந்தது. மேற்பார்வையாளர் வாயில் விசில் இருந்தது.

"என்னங்க இது?"

மேற்பார்வையாளர் விசிலை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இது இன்னைக்கு நேத்துப் பகை இல்ல. மலைக்கும் கடலுக்கும் காலங்காலமா ஆகாது. அந்தக் காயத்தை நான் ஒருத்தனா ஆத்திக்கிட்டிருக்கேன்."

இயக்குநர் கண் கலங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநருக்குக் காபி கொண்டுவந்த கேண்டீன் அக்காதான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்:

"மலையாவது கடலாவதுங்க! எட்டுப் பேரும் எங்க தெருதான். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னா போர்வை, இந்தப் பக்கம் நின்னா ஈரச்சட்டை. என் வீட்டுக்காரரே முந்தாநாள் வரைக்கும் போர்வைதான், வெயில் முகத்துல அடிக்குதுன்னு இந்தப் பக்கம் வந்து ஈரச்சட்டையாயிட்டாரு!"